நகையும் இல்லை, நிலமும் இல்லை... பேரப்பிள்ளைகளுக்குக் காந்தித் தாத்தா விட்டுச் சென்ற சொத்து!

1901-ம் ஆண்டு. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரம். ஊர் திரும்புவதற்காக மூட்டை கட்டிக்கொண்டிருந்தது ஒரு குடும்பம். அந்த வீட்டு வக்கீலுக்கு வழியனுப்பு விழா நடத்திய அங்குள்ள இந்தியர்கள் தங்கம், வெள்ளி, வைரம் எனப் பரிசுகளைக் குவித்துவிட்டார்கள். வக்கீலின் மனைவிக்கென்றே தனியாக ஒரு தங்க ஆரம். அந்தக் காலத்திலேயே 50 கினி மதிப்பு.

அன்றிரவு வக்கீலுக்குத் தூக்கம் வரவில்லை. அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டே இருந்தார். மக்களுக்காகச் செய்த வேலைக்குக் கிடைத்த பரிசை நம் வீட்டுப் பெட்டியில் வைத்துப் பூட்டலாமா? கூடாது என்று முடிவெடுத்தார். எல்லாவற்றையும் ஒரு அறக்கட்டளையிடம் ஒப்படைத்துவிட வேண்டும், அது அந்த மக்களுக்கே பயன்பட வேண்டும் என்று கடிதமும் எழுதி முடித்தார். காலையில் பிள்ளைகளிடம் சொன்னார். அவர்கள் உடனே தலையாட்டிவிட்டார்கள்.

மனைவி தலையாட்டவில்லை. உங்களுக்கு வேண்டாம், சரி. பிள்ளைகளும் நீங்கள் சொன்னபடி ஆடுவார்கள். நாளைக்கு மருமகள்கள் வருவார்களே, அவர்களுக்கு என்ன கொடுப்பது? நாளை நம் நிலைமை எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? அதோடு, இது எனக்குக் கொடுத்த ஆரம். ராத்திரி பகலாக இந்தக் குடும்பத்துக்கு உழைத்தேனே, அது சேவை இல்லையா? இப்படிக் கேட்டு அழுதார் கஸ்தூர்பா.

கடைசியில் நகைகள் போய்விட்டன. மருமகள்களுக்கும், அவர்கள் வழியே வரப்போகும் பேரன் பேத்திகளுக்கும் சேர வேண்டியது என்று ஒரு பாட்டி ஆசைப்பட்ட சொத்து அன்றே கைமாறிவிட்டது.

இந்தச் சம்பவத்தை வெளியே சொன்னவர் வேறு யாருமில்லை. மோகன்தாஸ் கரம்சந்த் காந்தியேதான். தன் சுயசரிதையான ‘சத்திய சோதனை’யில், மனைவியின் வாதங்களை ஒன்றுவிடாமல் எழுதியிருக்கிறார். கஸ்தூர்பா பக்கம் நியாயம் இருக்கிறது என்று படிப்பவருக்குத் தோன்றினால் தோன்றட்டும் என்று விட்டுவிட்டார். பிற்பாடு அவருடைய பேரப்பிள்ளைகளுக்குக் கிடைத்த சொத்தின் விதை, இந்தப் பழக்கத்தில்தான் இருக்கிறது.

அசலைவிட வட்டி இனிக்கும்!

தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அவர் ‘காந்தித் தாத்தா’. பொக்கை வாய்ச் சிரிப்பு, வட்டக் கண்ணாடி, கைத்தடி. மாறுவேடப் போட்டியில் வருஷத்துக்கு ஒரு காந்தித் தாத்தாவாவது மேடையேறிவிடுவார். ஆனால், ஹரிலால், மணிலால், ராம்தாஸ், தேவதாஸ் என்ற நான்கு மகன்கள் வழியே, ஒரு டஜனுக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு அவர் நிஜமாகவே தாத்தா.

குஜராத்தியில் ஒரு சொலவடை உண்டு. அசலைவிட வட்டி அருமை என்று அர்த்தம். பிள்ளைகள் அசல், பேரப்பிள்ளைகள் வட்டி. பெற்ற பிள்ளையிடம் முறைப்பாகவே இருந்த மனிதர், பேரனைப் பார்த்ததும் உருகிப்போவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். காந்தி வீட்டிலும் அதுதான் நடந்தது.

மணிலாலின் மகன் அருண், 1934-ல் டர்பனில் பிறந்தவர். நிறவெறி ஊறிய ஊர். இவன் தோல் கறுப்பு என்று வெள்ளைக்காரப் பையன்கள் ஒரு நாள் அடித்தார்கள். இவன் போதிய கறுப்பு இல்லை என்று கறுப்பினப் பையன்கள் இன்னொரு நாள் அடித்தார்கள். திருப்பி அடிக்க வேண்டும் என்ற வெறியில் அந்தச் சிறுவன் உடம்பைத் தேற்ற ஆரம்பித்தான். பயந்துபோன பெற்றோர், பன்னிரண்டு வயதில் அவனை இந்தியாவுக்கு அழைத்து வந்து தாத்தாவிடம் விட்டார்கள்.

தேசம் சுதந்திரத்துக்கும் பிரிவினைக்கும் நடுவே தத்தளித்த நேரம் அது. தாத்தாவைப் பார்க்கத் தலைவர்கள் வரிசைகட்டி நின்றார்கள். அப்படியும் பேரனுக்கென்று தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கினார். கோபம் மின்சாரம் மாதிரி. சரியாகக் கையாண்டால் விளக்கெரியும், தப்பாகத் தொட்டால் ஆளையே அடிக்கும் என்று சொல்லிக்கொடுத்தார். கோபம் வரும்போதெல்லாம் அதை ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொன்னார்.

அருண் உலகமெங்கும் சொல்லிவந்த பென்சில் கதையும் அந்த நாள்களில் நடந்ததுதான். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில், கையிலிருந்த சின்னப் பென்சிலைப் பார்த்தான் அருண். மூன்று அங்குலம்தான் இருக்கும். தாத்தாவிடம் கேட்டால் புதுசு கிடைக்குமே என்று புதருக்குள் வீசிவிட்டான். சாயங்காலம் போய்க் கேட்டதும் தாத்தா துருவித் துருவிக் கேள்வி கேட்டார். பழசு எங்கே? எவ்வளவு நீளம் இருந்தது? ஏன் எறிந்தாய்? எங்கே எறிந்தாய்? கடைசியில் ஒரு டார்ச் லைட்டைக் கையில் கொடுத்து, தேடி எடுத்து வா என்று அனுப்பிவிட்டார். இரண்டு மணி நேரம் தேடி எடுத்து வந்தான் பேரன்.

அதற்குப் பிறகுதான் பாடம். ஒரு பென்சில் செய்வதற்கும் இயற்கையிலிருந்து எடுக்கிறோம். அதை வீணடிப்பது இயற்கைக்குச் செய்யும் வன்முறை. வசதி இருக்கிறது என்பதற்காக நாம் தேவைக்குமேல் வாரிக்கொண்டால், வேறு யாருக்கோ இல்லாமல் போகிறது. அது மனிதனுக்குச் செய்யும் வன்முறை. பின்னாளில் பத்திரிகையாளராகி, 1991-ல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் தாத்தா பெயரில் அகிம்சை மையம் தொடங்கி, 2023-ல் கோலாப்பூரில் இறக்கும்வரை அருண் காந்தி அந்த மூன்று அங்குலப் பென்சிலைக் கீழே போடவே இல்லை.

18 மைல் நடந்த அப்பா

தாத்தாவின் பழக்கம் பேரனுக்கு நேரடியாக மட்டும் வருவதில்லை. அப்பா வழியாகவும் வரும். அருண் சொன்ன இன்னொரு கதை அதைக் காட்டும்.

அருணுக்கு அப்போது வயது பதினாறு. டர்பனிலிருந்து 18 மைல் தள்ளி, கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே இருந்த ஃபீனிக்ஸ் குடியிருப்பில் குடும்பம் வசித்தது. ஒரு நாள் அப்பாவைக் காரில் ஊருக்குள் கொண்டுபோய் விட்டுவிட்டு, காரைப் பழுது பார்க்கக் கொடுத்தான். மாலை ஐந்து மணிக்கு வந்து அழைத்துப் போக வேண்டும். இடையில் நேரம் கிடைத்ததும் ஜான் வெய்ன் படம் பார்க்கத் தியேட்டருக்குள் நுழைந்தான். ஒரே டிக்கெட்டில் இரண்டு படம். வெளியே வந்து அப்பாவைப் பார்த்தபோது மணி ஆறு. கார் ரெடியாகவில்லை, அதனால்தான் தாமதம் என்று கூசாமல் சொன்னான். அப்பா ஏற்கெனவே கார் ஷெட்டுக்கு போன் போட்டு விசாரித்திருந்தார்.

மணிலால் திட்டவில்லை, கைநீட்டவில்லை. என்னிடம் உண்மை சொல்லும் தைரியத்தை உனக்கு நான் கொடுக்கவில்லை, வளர்ப்பில் எங்கே தப்பு செய்தேன் என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு, இருட்டில் நடக்க ஆரம்பித்தார். பேரம் பேசியும் பயனில்லை. ஐந்தரை மணி நேரம் அப்பா முன்னே நடக்க, பையன் பின்னாலேயே காரை உருட்டிக்கொண்டு வந்தான். அதோடு பொய்யை விட்டுவிட்டதாகச் சொல்வார் அருண்.

கேட்கும்போது சிலிர்க்கிறது. ஆனால், இந்தக் கதையை இன்னொரு தடவை யோசித்துப் பார்த்தால் மனது லேசாகக் கனக்கும். அந்த மணிலால் தன் அப்பாவிடம் எப்படி வளர்ந்தார்?

தள்ளாடிய மூத்த மகன்

மணிலால் இளைஞராக இருந்தபோது, கஷ்டத்திலிருந்த அண்ணன் ஹரிலாலுக்கு ஆசிரமத்துப் பணத்தைக் கடனாகக் கொடுத்துவிட்டார். அது தெரிந்ததும் காந்தி மகனை ஆசிரமத்தைவிட்டே அனுப்பிவிட்டார். சொந்தக் காலில் நின்று பிழைத்துக் காட்டு என்று உத்தரவு. அப்படி அவர் வந்து சேர்ந்த ஊர் நம் சென்னை.

மணிலாலுக்கு ஒரு காதலும் இருந்தது. கேப்டவுன் நகரத்து முஸ்லிம் குடும்பத்துப் பெண், ஃபாத்திமா கூல். திருமணம் செய்துகொள்ள 1926-ல் அப்பாவிடம் அனுமதி கேட்டார். முடியவே முடியாது என்று பதில் வந்தது. மதம் மாறிய காதல் இரு சமூகத்துக்கும் நல்லதல்ல என்பது காந்தியின் அன்றைய வாதம். மணிலால் பணிந்தார். அடுத்த ஆண்டே அகோலாவைச் சேர்ந்த சுசீலாவை மணந்தார். பெரியவர்கள் பார்த்து வைத்த திருமணம்.

இதையெல்லாம்விட ஆழமான காயம் மூத்தவர் ஹரிலாலுடையது. தென்னாப்பிரிக்கப் போராட்டத்தில் திரும்பத் திரும்பச் சிறைக்குப் போனதால், ‘சின்னக் காந்தி’ என்று ஊரே அவரைக் கொண்டாடியது. அவருடைய ஆசை ஒன்றே ஒன்று. அப்பாவைப்போல லண்டன் போய்ச் சட்டம் படிக்க வேண்டும். அதற்கான உதவித்தொகை வந்தபோது, காந்தி அதைத் தன் மகனுக்குத் தரவில்லை, மற்றவர்களைத் தேர்ந்தெடுத்தார். சொந்தப் பிள்ளைக்குச் சலுகை காட்டக் கூடாது என்பது அவர் கொள்கை. 1911-ல் மகன் வீட்டைவிட்டே வெளியேறினார்.

1918-ல் ஹரிலாலின் மனைவி குலாப், இன்ஃப்ளுயன்ஸா காய்ச்சலில் இறந்துபோனார். அதன்பின் அவர் வாழ்க்கை நிலைகொள்ளவில்லை. குடி, கடன், அலைச்சல். 1936-ல் இஸ்லாத்துக்கு மாறி அப்துல்லா ஆனார். பிறகு திரும்பி வந்தார். தாயில்லாத அவருடைய பிள்ளைகளை உறவினர்களும், ஆசிரமத்தில் பாட்டி கஸ்தூர்பாவும் பார்த்துக்கொண்டார்கள்.

காந்தியின் வாழ்க்கை வரலாறுகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு காட்சி உண்டு. கட்னி ரயில் நிலையம். காந்தியும் கஸ்தூர்பாவும் வந்த ரயில் நிற்கிறது. காந்திக்கு ஜே என்று கூட்டம் முழங்குகிறது. அதற்கு நடுவே, அன்னை கஸ்தூர்பாவுக்கு ஜே என்று ஒரே ஒரு குரல். எட்டிப் பார்த்தால், கிழிந்த உடையில் ஹரிலால். பையிலிருந்து ஒரே ஓர் ஆரஞ்சுப் பழத்தை எடுத்து அம்மாவிடம் நீட்டுகிறார். எனக்கு ஒன்றும் இல்லையா என்று அப்பா கேட்கிறார். இல்லை, உங்கள் பெருமையெல்லாம் அம்மாவால் வந்தது என்கிறார் மகன். எங்களோடு வந்துவிடு என்று அம்மா கெஞ்ச, வெகுதூரம் போய்விட்டேன், இனி திரும்ப முடியாது என்கிறார். அதற்குள் ரயில் கிளம்பிவிடுகிறது.

உலகத்துக்கே தந்தையாக இருந்தவரின் வீட்டில் ஒரு பிள்ளை அப்பா இல்லாமலே நின்றான். பேரப்பிள்ளைகள் இந்தத் தாத்தாவை எப்படி நினைவுகூர்வது? ஹரிலாலை மறைத்துவிட்டா, அல்லது ஹரிலாலைத் திட்டிவிட்டா?

ஐந்து வருடம் காத்திருந்த காதல்

அதற்குப் பதில் தேடும் முன், தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு எட்டு வந்துவிட வேண்டும். காந்தியின் பேரப்பிள்ளைகளில் நான்கு பேருக்கு இன்னொரு தாத்தாவும் உண்டு. சேலத்து வக்கீல் ராஜாஜி.

கடைக்குட்டி தேவதாஸ் 1918-லேயே இந்தி சொல்லிக்கொடுக்கச் சென்னைக்கு வந்தவர். பின்னாளில் ராஜாஜியின் மகள் லட்சுமியை விரும்பினார். லட்சுமி அப்போது சின்னப்பெண். இவர்கள் குஜராத்தி வணிகர் குடும்பம். அவர்கள் தமிழ் ஐயங்கார் குடும்பம். இரண்டு அப்பாக்களும் சேர்ந்து ஒரு நிபந்தனை போட்டார்கள். ஐந்து வருடம் பிரிந்திருங்கள். பார்க்கக் கூடாது, கடிதமும் எழுதக் கூடாது. அப்போதும் மனது மாறாமல் இருந்தால் பார்க்கலாம்.

மாறவில்லை. 1933 ஜூன் 16-ல் புனேயில் திருமணம் நடந்தது. 21 நாள் உண்ணாவிரதம் முடித்து மூன்று வாரம்கூட ஆகாத உடம்போடு மாமனார் காந்தி ஆசீர்வதித்தார். மணிலாலுக்கு மறுத்தவர், தேவதாஸுக்குச் சம்மதித்தார். கடைசிக் காலத்தில், மணமக்களில் ஒருவராவது தாழ்த்தப்பட்ட சமூகத்தவராக இருந்தால்தான் தன் ஆசி உண்டு என்னும் அளவுக்கு அவர் நகர்ந்துவிட்டார். மனிதர் மாறிக்கொண்டே இருந்தார். ஆனால், அந்த மாற்றம் மணிலாலுக்குத் தாமதமாகிவிட்டது.

தேவதாஸ் - லட்சுமி தம்பதிக்கு தாரா, ராஜ்மோகன், ராமச்சந்திரன், கோபாலகிருஷ்ணன் என்று நான்கு பிள்ளைகள். தேவதாஸ் டெல்லியில் ‘இந்துஸ்தான் டைம்ஸ்’ ஆசிரியர். 1948 ஜனவரி 30-ல் காந்தி சுடப்பட்டபோது ராஜ்மோகனுக்கு 12 வயது. கோபாலகிருஷ்ணனுக்கு மூன்று வயதுகூட நிறையவில்லை. அந்த ஜூன் மாதமே, இன்னொரு தாத்தா கவர்னர் ஜெனரலாகி டெல்லிக்கு வந்து சேர்ந்தார்.

ராஜாஜி நாற்பது வயதுக்கு முன்பே மனைவியை இழந்து, மூன்று மகன்களையும் இரண்டு மகள்களையும் தனி ஆளாக வளர்த்தவர். இளம் வயதில் கணவரை இழந்த மூத்த மகள் நாமகிரிதான் கடைசிவரை அவர் வீட்டைப் பார்த்துக்கொண்டார். தேவதாஸ் 1957-ல், 57 வயதிலேயே இறந்துபோனார். அப்பாவை இழந்த அந்தப் பிள்ளைகளுக்கு, 1972 டிசம்பர் 25 வரை ராஜாஜி தாத்தா இருந்தார். ஒரு தாத்தா சின்ன வயது ஞாபகம். இன்னொரு தாத்தா, வளர்ந்த பிறகும் உட்கார்ந்து பேச முடிந்த துணை.

சம்பந்திகள் இருவரும் எல்லாவற்றிலும் ஒத்துப்போனவர்கள் இல்லை. 1930-ல் காந்தி தண்டிக்குப் போனால், ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார். அதே ராஜாஜி, 1942-ல் ‘வெள்ளையனே வெளியேறு’ வேண்டாம் என்று சொல்லிக் காங்கிரஸைவிட்டே விலகினார். உறவு மட்டும் விலகவில்லை. கருத்து வேறானாலும் கடிதம் நிற்கவில்லை. ராஜாஜி காந்திக்கும், மருமகன் தேவதாஸுக்கும், பேரன் கோபாலகிருஷ்ணனுக்கும் எழுதிய கடிதங்களை, அந்தப் பேரனே தொகுத்து 2012-ல் புத்தகமாகக் கொண்டுவந்தார். தமிழ்நாட்டில் ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்து, மேற்கு வங்க ஆளுநராக உயர்ந்த கோபாலகிருஷ்ண காந்தி, திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவரும்கூட. அம்மா வழிச் சொத்து என்று அதைச் சொல்லலாம்.

பேரப்பிள்ளைகள் எழுதிய கணக்கு

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். பெரிய மனிதரின் பேரப்பிள்ளைகளுக்கு இரண்டு சுலபமான வழிகள் உண்டு. தாத்தா படத்துக்கு மாலை போட்டு, குறை சொல்பவர்களிடம் சண்டைக்குப் போகலாம். இல்லாவிட்டால், எங்களுக்கு அவர் என்ன செய்தார் என்று கசப்போடு ஒதுங்கிவிடலாம். காந்தி குடும்பத்தில் சிலர் மூன்றாவதாக ஒரு வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். உட்கார்ந்து எழுதினார்கள்.

ராஜ்மோகன் காந்தி இரண்டு தாத்தாக்களின் வாழ்க்கையையும் எழுதினார். ராஜாஜி பற்றிய புத்தகத்துக்கு 2001-ம் ஆண்டின் சாகித்ய அகாடமி விருது கிடைத்தது. 2006-ல் வந்த காந்தி வரலாற்றுக்கு அவர் வைத்த தலைப்பு, வெறும் ‘மோகன்தாஸ்’. மகாத்மா என்ற பட்டத்தை ஓரமாக வைத்துவிட்டு, அம்மா அப்பா வைத்த பெயரோடு ஒரு மனிதரைத் தேடிப்போனார் பேரன். மகன்களோடு இருந்த பிணக்கும் அதில் இருக்கிறது.

மணிலாலின் பேத்தி உமா துபேலியா-மெஸ்த்ரி, தென்னாப்பிரிக்காவில் வரலாற்றுப் பேராசிரியர். தன் தாத்தா மணிலாலைப் பற்றி 2004-ல் அவர் எழுதிய புத்தகத்தின் தலைப்பு, ‘காந்தியின் கைதி?’. கடைசியில் இருக்கும் அந்தக் கேள்விக்குறியில்தான் அத்தனையும் அடங்கியிருக்கிறது. காதலை அப்பாவுக்காக விட்டுக்கொடுத்தவர், 1930-ல் தராசனா உப்பளத்தில் போலீஸ் தடியடியில் மண்டை உடைந்தவர், ஃபீனிக்ஸில் ‘இந்தியன் ஒப்பீனியன்’ பத்திரிகையை 1956-ல் சாகும்வரை இழுத்துச் சுமந்தவர். இவர் அப்பாவின் நிழலில் சிறைப்பட்டவரா, அல்லது தானாகவே அந்தப் பாதையை விரும்பி ஏற்றவரா? பேத்தி கேட்கிறார். தாத்தா மேல் பாசம் இருப்பவரால்தான் அப்படிக் கேட்க முடியும்.

ஹரிலாலுக்கும் ஒரு பேத்தி வந்தார். மூத்த மகள் ராமிபென்னின் மகள், நீலம்பென் பரீக். குஜராத்தில் பழங்குடிப் பெண்களுக்குக் கல்வி கொடுப்பதில் வாழ்நாளைச் செலவிட்டவர். குடிகாரர், குடும்பப் பெயரைக் கெடுத்தவர் என்று ஊர் சொன்ன தன் தாத்தாவைப் பற்றிக் குஜராத்தியில் ஒரு புத்தகம் எழுதினார். அப்பாவுக்கும் மகனுக்கும் இடையிலான கடிதங்களை எடுத்து முன்வைத்தார். ‘காந்திஜியின் தொலைந்துபோன செல்வம்’ என்று தலைப்பு வைத்தார். ஆங்கிலத்தில் அதே புத்தகம் ‘தொலைந்துபோன நகை’ என்ற பொருளில் வெளிவந்தது.

1901-ல் கஸ்தூர்பா தங்க ஆரத்துக்காக அழுதார். நூறு வருடம் கழித்து அவருடைய கொள்ளுப் பேத்தி, அந்தக் குடும்பம் உண்மையிலேயே இழந்த நகை எது என்று அடையாளம் காட்டினார்.

அறுபது வருடம் கழித்து ஒரு கடமை

மற்றதெல்லாம் இந்தக் குடும்பத்தில் தங்கவில்லை. ஃபீனிக்ஸ் குடியிருப்பை 1912-லேயே பொது அறக்கட்டளையாக்கிவிட்டார் காந்தி. 1985-ல் நடந்த கலவரத்தில் அங்கிருந்த வீடு எரிந்தே போனது. நிறவெறி அரசால் ஒன்பது ஆண்டுகள் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டவரும், 1994 முதல் 2004 வரை தென்னாப்பிரிக்க நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவருமான பேத்தி எலா காந்தி போன்றவர்களின் கண்முன்னே, 2000-ல் அது மீண்டும் எழுந்தது. தாத்தாவின் கண்ணாடி, செருப்பு, கடிகாரம், தட்டு, கிண்ணம் எல்லாம் 2009-ல் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தன. 18 லட்சம் டாலருக்கு அவற்றை எடுத்தவர், மது ஆலை அதிபர் விஜய் மல்லையா. மதுவிலக்குக்காக வாழ்ந்த இரு சம்பந்திகளும் இருந்திருந்தால் சிரித்திருப்பார்களோ என்னவோ!

ஜுஹு கடற்கரையில் ஒரு சிறுவன் கைத்தடியின் ஒரு முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓட, பின்னாலேயே காந்தி வரும் புகைப்படத்தை எல்லோரும் பார்த்திருப்போம். அந்தச் சிறுவன், ராம்தாஸின் மகன் கனு. அமெரிக்காவில் நாசாவில் வேலை பார்த்தவர், முதுமையில் மனைவியோடு இந்தியா திரும்பினார். 2016-ல் டெல்லியில் ஒரு முதியோர் இல்லத்தில் தங்கியிருந்தார். அந்த ஆண்டு நவம்பரில் சூரத்தில் காலமானார். தாத்தாவின் பெயர், பேரனுக்கு வீடு கட்டித் தரவில்லை.

அப்படியானால் என்னதான் கிடைத்தது?

1948 ஜனவரி 31. டெல்லியில் யமுனைக் கரையில் காந்தியின் சிதை. கொள்ளி வைக்க வேண்டியவர் மூத்த மகன். மணிலால் தென்னாப்பிரிக்காவில் இருந்தார். ஹரிலால் அந்த இடத்தில் நிற்கவில்லை. மூன்றாவது மகன் ராம்தாஸ் தீ மூட்டினார். ஐந்து மாதம்கூட ஆகவில்லை, ஜூன் 18-ல் மும்பை மருத்துவமனை ஒன்றில் காசநோயால் ஹரிலாலும் இறந்துபோனார். அப்பா, மகன் கணக்கு தீராமலே முடிந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

ஏறக்குறைய 60 வருடம் கழித்து, ஒரு குடும்பத்தார் பத்திரமாக வைத்திருந்த காந்தியின் அஸ்தியில் ஒரு பகுதி மும்பை மணி பவன் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. அதைக் காட்சிக்கு வைக்க வேண்டாம், கரைத்துவிடலாம் என்று குடும்பம் கேட்டுக்கொண்டது. யார் கரைப்பது? காந்தியின் குடும்பம் கூடிப் பேசி ஒருவரைத் தேர்ந்தெடுத்தது.

2008 ஜனவரி 30. மும்பை சௌபாத்தி கடல். தள்ளாத வயதில் நீலம்பென் பரீக் அந்தக் கலசத்தை ஏந்தி, கொள்ளுத் தாத்தாவின் அஸ்தியை அரபிக்கடலில் கரைத்தார். மூத்த மகன் செய்யாமல் விட்ட கடமையை, மூத்த மகனின் பேத்தி செய்து முடித்தார். ஹரிலால் கிளையை மற்ற கிளைகள் முன்னால் அழைத்து நிறுத்தி மரியாதை செய்த நாள் அது. கடந்த 2025 ஏப்ரலில் நீலம்பென் நவ்சாரியில் காலமானார்.

காந்தி தன் மனைவியின் கண்ணீரை மறைக்காமல் எழுதிவைத்தார். பேரப்பிள்ளைகள் அவருடைய தவறுகளை மறைக்காமல் எழுதினார்கள். அவரே கொடுத்த அளவுகோலால் அவரையே அளந்தார்கள். அப்படி அளந்த பிறகும் அவர்களுக்கு அவர்மேல் பாசம் குறையவில்லை. விட்டுப்போன அந்தச் சொத்து, பாகம் பிரிக்க முடியாதது. எந்த ஏலத்திலும் எடுக்க முடியாதது.

நம் வீட்டுக் கூடத்திலும் ஒரு தாத்தா படம் தொங்கிக்கொண்டிருக்கும். சந்தனப் பொட்டும் பிளாஸ்டிக் மாலையுமாக. அவரைப் பற்றிய நல்ல கதைகளை எல்லோரும் சொல்வார்கள். அப்பாவிடம் தனியாக உட்கார்ந்து, தாத்தா உங்களிடம் எப்படி இருந்தார் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். பதில் வரக் கொஞ்சம் நேரம் ஆகலாம். அவர் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேளுங்கள். அந்தப் படத்தில் இருப்பவர் முன்னைவிட நெருக்கமாகத் தெரிவார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அப்பாவும்தான்.